சண்டை கூட்டுக்காக

பின்ச் குருவி வளர்ப்பவர்களிடம் இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது. ஜீப்ரா, பெங்காலீஸ், கோல்டியன், ஜாவா குருவி, கட்த்ரோட் என்று கிடைத்ததையெல்லாம் ஒரே ஏவியரியில், அதாவது பெரிய வலைக்கூண்டில், கலந்துவிடுகிறார்கள். படம் பிடித்தால் அழகாகத்தான் இருக்கும். ஜோடி சேர்ந்து கூடு கட்டத் தொடங்கியதும் உள்ளே போய்ப் பாருங்கள். தரையில் உடைந்த முட்டை, பின்மண்டையில் இறகு போன குருவி. "அந்தச் சேவல் ரவுடி சார், தள்ளிவிட்டுடணும்" என்பார் வளர்ப்பவர். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. அந்தச் சேவலை விற்றால் அதன் இடத்துக்கு அடுத்த சேவல் வரும். எதற்காக அடித்துக்கொள்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டாமா?

ஜீப்ரா பின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. மழை பெய்து புல் விதை பிடிக்கும் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். பக்கத்துப் பக்கத்துப் புதரில் கூடுகள் இருக்கும். சேவல் தன் கூட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தை மட்டுமே காக்கும். தோற்றது பறந்துவிடும், துரத்தியது திரும்பிவிடும், சில நொடியில் விஷயம் முடிந்தது. நம் ஏவியரியில் தோற்ற குருவி எங்கே பறக்கும்? நான்கு பக்கமும் வலை. அதனால் அதே சண்டை நாள் முழுக்க நீள்கிறது.

எனவே கூட்டைச் சரிசெய்யுங்கள். ஜோடி ஒன்றுக்கு இரண்டு கூடு, எல்லாம் ஒரே உயரத்தில். மறுபடியும் சொல்கிறேன், ஜோடி ஒன்றுக்கு இரண்டு கூடு, எல்லாம் ஒரே உயரத்தில். பின்ச்சுக்கு எப்போதும் உச்சியில் இருக்கும் கூட்டின் மேல்தான் கண். கூடாக வைக்கும் பானைகளில் ஒன்றை மட்டும் மேலே கட்டினால் எல்லா ஜோடியும் அதற்கே போட்டியிடும், கீழே உள்ளவை காலியாகவே கிடக்கும். ஒரே மட்டத்தில் கட்டினால் அந்தப் போட்டிக்கே வேலை இல்லை. ஒட்டி ஒட்டியும் கட்ட வேண்டாம். ஒரு கூட்டின் வாசலில் உட்கார்ந்த சேவலுக்கு அடுத்த கூட்டின் வாசல் தெரியக் கூடாது. நடுவே சவுக்குக் கிளையோ மூங்கில் கிளையோ இலையோடு செருகிவையுங்கள். துரத்தப்படும் குருவிக்கு ஒளிந்துகொள்ளவும் அதுவே இடம்.

எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் ஒரு ஜீப்ராச் சேவலை விற்பதற்காகவே பிடித்துத் தனியாக வைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். ஜோடிக்கு ஒரு பானை, அவற்றில் ஒன்று மட்டும் கூரையை ஒட்டி. தீனித் தட்டு நேராக அதற்குக் கீழே. சாப்பிட வரும் ஒவ்வொரு குருவியும் அந்தச் சேவலின் வாசலில் வந்து இறங்குகிறது, அது துரத்தாமல் என்ன செய்யும்? ஸ்டூல் போட்டு ஏறிப் பானையை மற்றவற்றின் மட்டத்துக்கு இறக்கினோம், இன்னும் சில பானை கட்டினோம், தட்டை இரண்டாக்கி ஏவியரியின் இரண்டு மூலையிலும் வைத்தோம். சேவலை மறுபடி உள்ளே விட்டோம். அது பெட்டையோடு மாறி மாறி அடைகாத்ததை அடுத்த முறை போனபோது பார்த்தேன்.

ஜோடிக் கணக்கிலும் கவனம் வேண்டும். ஒரு ஜோடி வைக்கலாம், மூன்று நான்கு ஜோடியும் வைக்கலாம். இரண்டு ஜோடி மட்டும் வேண்டாம், வலுத்த ஜோடியின் கோபம் முழுவதும் மற்றதன் மேலேயே விழும். பெட்டை இல்லாத உபரிச் சேவல் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஒவ்வொரு கூடாய் எட்டிப் பார்த்துக் கலகம் மூட்டுவது பெரும்பாலும் அதுதான்.

இறகு பிடுங்குவதையெல்லாம் சண்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டுக்குள் மெத்தை போட எதுவும் கிடைக்காத ஜீப்ரா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதன் இறகைப் பிடுங்கும். காய்ந்த புல்லும் நறுக்கிய தேங்காய் நாரும் கொடுங்கள், நூல் மட்டும் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். முட்டை வைத்து அடைகாக்கத் தொடங்கியதும் புல்லும் நாரும் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் முட்டையின் மேலேயே மறுபடி கூடு கட்டும்.

குஞ்சுகளின் அலகு முதலில் கறுப்பாக இருக்கும். அது சிவக்கத் தொடங்கும்போது தகப்பன் விரட்ட ஆரம்பிக்கும், அடுத்த ஈடு முட்டைக்கு அதற்குக் கூடு வேண்டும். பொரித்து ஐந்து வாரம் ஆகி, குஞ்சு தானாகத் தினை கொறிப்பதைப் பார்த்தபின் வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

எனக்குப் பிரியமானது பெங்காலீஸ். நம் காடுகளிலும் இருக்கும் வெண்முதுகுச் சில்லையின் இனத்திலிருந்து வந்தது, சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய் அங்கே இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகக் கூண்டிலேயே வளர்ந்த வம்சம். பிறருடைய முட்டையையும் அடைகாத்து, பிறருடைய குஞ்சுக்கும் ஊட்டும். கோல்டியன் முட்டையை இதனடியில் வைத்துக் குஞ்சு எடுக்காத பழைய வளர்ப்பாளர் அபூர்வம். அடிக்கத் தெரியாத குருவி. ஆனால் அதுவும் ஜீப்ராவின் கூட்டுக்குள் புகுந்து தூங்கப் போகும், அங்கே சண்டை தொடங்கிவிடும். இத்தனை சாதுவான பறவையைச் சுற்றியும் சண்டை வருகிறது என்றால் காரணம் கூடு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கோல்டியனில் சிவப்புத் தலைச் சேவல் கறுப்புத் தலையை அடக்கும் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள் கூட்டையும் தட்டையும் தாராளமாக வையுங்கள். கட்த்ரோட் மற்றவற்றின் கூட்டில் நுழைந்து முட்டையைக் கெடுக்கும், அதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். ஜாவா குருவியின் கனத்த அலகுக்கு முன் ஜீப்ரா நிற்க முடியாது, அதற்கும் தனி இடம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சேவல் அடங்கவில்லை என்றால், அதற்கு முட்டையோ குஞ்சோ இல்லாத நேரமாகப் பார்த்து, மற்றவற்றின் கண்ணில் படாத சிறு கூண்டில் சில நாள் வையுங்கள். திரும்பி வரும்போது மற்ற ஜோடிகள் கூடு பிடித்து அமர்ந்திருக்கும், இது புதிதாக வந்ததுபோல ஒதுங்கி நடக்கும். கூட்டைச் சரிசெய்யாமல் இதைச் செய்து பயனில்லை.

இன்று மாலை ஏவியரியின் முன்னால் கொஞ்ச நேரம் அசையாமல் உட்காருங்கள். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையோரம் ஒடுங்கியிருக்கும் குருவி எது, தீனிக்கு வரும்போதெல்லாம் துரத்தப்படுவது எது என்று பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் அதை உடனே வெளியே எடுங்கள். பிறகு உச்சியில் இருக்கும் பானையைக் கீழே இறக்குங்கள்.