தோளில் ஏழு கிலோ

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், நியூயார்க்கில் நெல்லி பிளை என்று ஓர் இளம் பத்திரிகையாளர் இருந்தார். உலகத்தைச் சுற்றிவந்து எழுதுகிறேன், அனுப்புங்கள் என்று தன் பத்திரிகை அலுவலகத்தில் கேட்டார். நிர்வாகி இரண்டு காரணம் சொல்லி மறுத்தார். பெண் என்றால் துணைக்கு ஆள் வேண்டும் என்பது ஒன்று. துணையில்லாமல் போகலாம் என்றாலும், அத்தனை பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அவசரமாகக் கப்பல் மாற முடியாது என்பது இன்னொன்று.

கடைசியில் 1889 நவம்பர் 14 அன்று அவர் கிளம்பினார். கையில் ஒரே ஒரு பை. 16 அங்குல அகலம், 7 அங்குல உயரம். உடம்பில் மூன்று மாதம் தாங்கும்படி சொல்லித் தைத்த ஓர் உடை. பைக்குள் உள்ளாடைகள், ஊசி நூல், மைக்கூடு, பேனா, தண்ணீர் குடிக்க ஒரு குவளை, முகத்துக்குப் பூசும் கிரீம் ஒரு ஜாடி. பையை ஒழுங்காக மூடவிடாமல் பயணம் முழுக்கப் படுத்தியது அந்த ஜாடிதான் என்று அவரே எழுதியிருக்கிறார். கொழும்பில் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்துக் கிடந்தும், 72 நாளில் நியூயார்க் திரும்பிவிட்டார்.

அந்த நிர்வாகி சொன்ன இரண்டு காரணங்களுக்கும் உறவு உண்டு. தன்னால் தூக்க முடியாத பெட்டியோடு கிளம்புகிற பெண்ணுக்குத் துணை தேவைப்படத்தான் செய்யும். பெட்டி சின்னதாகிவிட்டால் துணைக்கான காரணத்தில் பாதி போய்விடுகிறது. டெல்லியிலிருந்து மூன்று வாரம், நான்கு வாரம் என்று வெளிநாடு சுற்றக் கிளம்பும் பெண்களுக்கு இன்று நான் சொல்ல வந்ததும் இதைப் பற்றித்தான்.

டெல்லிக்கு இதில் சொந்தமாகவே ஒரு கதை இருக்கிறது. 1963 ஜூலையில், புழுக்கம் ஆளை அவிக்கிற நாட்களில், அயர்லாந்துப் பெண் ஒருவர் சைக்கிள் மிதித்தே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். டெர்வ்லா மர்ஃபி. வயது 31. ஜனவரியில் ஐரோப்பா பனியில் உறைந்து கிடந்தபோது புறப்பட்டு, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தனியாக வந்தவர். ஆறு மாதத்துக்கு வேண்டியது அந்தச் சைக்கிளில் கட்டியிருந்ததுதான். மாற்று டயர்களைக்கூடச் சுமந்து வரவில்லை. வழியில் இருந்த ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிட்டார். வேண்டியதெல்லாம் முதல் நாளிலிருந்தே முதுகில் இருக்க வேண்டியதில்லை என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

நம் பெண்கள் மட்டும் சளைத்தவர்களா? ஹரியானாவில் பிறந்து, டெல்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் படித்த அனுராதா பெனிவால் ஒரு சதுரங்க வீராங்கனை. ஐரோப்பிய நகரங்களைத் தனியாகச் சுற்றிவிட்டு, 2016இல் ‘ஆஸாதி மேரா பிராண்ட்’ என்ற புத்தகத்தை இந்தியில் எழுதினார். கையில் பணம் குறைவு. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் விருந்தாளியாகத் தங்கித் தங்கிப் போனார். அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில் ஒரு மூலையில் படுக்க இடம் கேட்கிறவர், ஆளுயரப் பெட்டியோடு போய் நிற்க முடியுமா?

சரி, டெல்லியில் ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் நான்கு வாரம் வியட்நாம், கம்போடியா போகிறாள். கட்டில்மேல் பை திறந்து கிடக்கிறது. அம்மா பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுவந்து வைக்கிறார். அப்பா ஒரு மருந்துக்கடையையே கட்டிக்கொண்டு வருகிறார். அத்தை, “எதுக்கும் இருக்கட்டும்டி” என்று ஸ்வெட்டரை மடித்துத் திணிக்கிறார். இந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’தான் பையின் பாதி எடை. எல்லாம் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில், டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டினால்தான் வாசலைத் தாண்ட முடியும். வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு அத்தனை பேருடைய பாசத்தையும் அவள் ஒருத்திதான் தூக்க வேண்டும்.

எவ்வளவு தூக்கலாம்? பெரும்பாலான விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ. முதுகில் நாள் முழுக்கச் சுமப்பதற்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். அதுவும் ஏறக்குறைய இதே கணக்குதான். சக்கரம் வைத்த பெட்டி வெறுமனேயே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 40 லிட்டர் முதுகுப்பை ஒன்று, ஒன்றரைக் கிலோவுக்குள் கிடைக்கிறது. வாங்கும்போது இடுப்புப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். பாரம் இடுப்பில் இறங்க வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. பெண்களுக்கென்று முதுகு நீளத்தைக் குறைத்துச் செய்த பைகளும் உண்டு. கடையில் உள்ளே ஏதாவது எடை போட்டு, மாட்டி, பத்து நிமிஷம் நடந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

எடையை விடவும் எனக்கு முக்கியமாகப் படுகிற அளவுகோல் ஒன்று இருக்கிறது. தனியாகப் போகும் பெண் ஒரு ரயில் நிலையத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டும். பையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? யாரிடமும் விட முடியாது, உள்ளே கொண்டுபோகத்தான் வேண்டும். தரை ஈரம். கதவுக்கும் கோப்பைக்கும் நடுவே ஒரு ஆள் திரும்பவே இடம் கஷ்டம். பெரிய பெட்டி அந்தக் கதவுக்குள் நுழையாது. அப்போது என்ன நடக்கிறது? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். மணிக்கணக்கில் அடக்கிக்கொள்கிறோம். நீர்க்கடுப்பு வருகிறது, சிறுநீர்ப்பாதையில் தொற்று வருகிறது. பையைத் தோளிலிருந்து இறக்காமலோ, கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டோ உங்கள் வேலையை முடிக்க முடிந்தால் அது சரியான பை. விமான நிறுவனத்தின் தராசு இந்தச் சோதனையைச் செய்யாது.

துணிக்கு வருவோம். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் ஒன்று. நான்கு வாரமானாலும் நான்கு மாதமானாலும் இதே கணக்குதான், ஏனென்றால் எப்படியும் துவைக்கத்தான் போகிறோம். ஜீன்ஸ் வேண்டாம். எடையும் அதிகம், மழைக்கால ஊரில் ஒரு நாளில் காயவும் காயாது. டர்க்கி டவலை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஊரிலிருந்து வாங்கிவந்த ஈரிழைத் துண்டு இருக்குமே, அதை எடுத்து வையுங்கள். உள்ளங்கையில் அடங்கும், தலை துவட்டி உதறிப் போட்டால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். பயணக் கடைகளில் விலை அதிகமாகப் போட்டு விற்கும் துண்டுகளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

பெரிய துப்பட்டா ஒன்று கட்டாயம். கோயிலில், மசூதியில் தலையை மூட, இரவுப் பேருந்தில் போர்த்திக்கொள்ள, எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில் கட்டிலின் ஓரத்தில் செருகித் திரையாகத் தொங்கவிட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

உள்ளாடையைப் பற்றி வானொலியில் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். நம் வீட்டுக் கொடியில் உள்ளாடையை எப்படிக் காயப்போடுகிறோம்? மேலே ஒரு துண்டையோ பாவாடையையோ போட்டு மூடி. வெயிலும் காற்றும் படாமல் அது நமத்துப்போயே இருக்கும். அதைத்தான் போட்டுக்கொள்கிறோம், அரிப்பும் படையும் வருகிறது. இந்தக் கூச்சம் பயணத்திலும் கூடவே வருகிறது. வெளியே காயப்போட வேண்டியிருக்குமே என்று பயந்து, பத்துப் பன்னிரண்டு ஜோடி எடுத்து வைக்கிறோம். ஐந்து போதும். மூன்று மீட்டர் நைலான் கயிறு ஒன்று, துணி சோப்பு அரைக் கட்டி. இரவில் அலசி, துண்டில் வைத்துச் சுருட்டி இறுக்கிப் பிழிந்து, கட்டில் கம்பியில் கட்டிய கயிற்றில் மூடாமல் தொங்கவிடுங்கள். புது டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே பஹார்கஞ்ச் விடுதிகளின் மொட்டைமாடியை அண்ணாந்து பாருங்கள். எந்தெந்த தேசத்துப் பெண்களோ அப்படித்தான் காயவைக்கிறார்கள்.

மாதவிடாய்க்கும் இதே யோசனை. ஒரு மாதத்துக்கான நாப்கின்களை இங்கிருந்து சுமக்க வேண்டாம். போகிற ஊர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள், கடைகளும் இருக்கின்றன. முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கையில் இருந்தால் போதும். பழகியவர்களுக்கு சிலிகான் கப் மிக வசதி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். ஆனால் புறப்படுவதற்கு முன் வீட்டில் இரண்டு மூன்று மாதமாவது பயன்படுத்திப் பழகியிருக்க வேண்டும். முதல் முயற்சியை ஓடும் ரயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள். துணி நாப்கின் பிடிக்கும் என்றால், ஆரோவில்லில் எக்கோஃபெம் என்ற அமைப்பு துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின்களைத் தயாரிக்கிறது.

டெல்லிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜனவரி அதிகாலையில் நான்கைந்து டிகிரிக் குளிரில் வீட்டை விட்டுக் கிளம்புவோம். அன்று மதியம் பாங்காக்கில் முப்பது டிகிரியில் இறங்குவோம். அந்தக் கனத்த ஜாக்கெட்டைப் பிறகு நான்கு வாரம் சுமப்பது வீண். வழியனுப்ப வந்தவரிடம் முனைய வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வரும் அன்று அவரே கொண்டுவரட்டும். மலைப்பக்கம் போவதாக இருந்தால் மெல்லிய உள் தெர்மல், ஒரு ஃபிளீஸ், அதற்குமேல் மழைக்கோட்டு. மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஒரு ஜாக்கெட்டுக்குச் சமம்.

புளிக்காய்ச்சலைப் பற்றி அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. கைப்பையில் அது திரவக் கணக்கில் வரும். இங்கிருந்து கிளம்பும் சர்வதேச விமானங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பியைக் கைப்பையில் விடமாட்டார்கள். எண்ணெய் கசிந்தால் மூன்று ஜோடித் துணியும் நாசம். பருப்புப் பொடி கால் கிலோ கொடுங்கள், மகிழ்ச்சியாக எடுத்துப் போவாள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் அதையும் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். அப்பாக்களுக்கு: வழக்கமாகச் சாப்பிடும் மருந்தும் அதன் மருந்துச்சீட்டும் போதும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். தங்கம் வேண்டவே வேண்டாம்.

பணத்தையும் இரண்டு வங்கி அட்டைகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று பையில், இன்னொன்று இடுப்பில். பாட்டிமார்கள் சுருக்குப்பையை இடுப்பில் செருகி வைப்பார்களே, அதே சுருக்குப்பை இன்றைக்கும் சட்டைக்குள் நன்றாக அடங்கும். பாஸ்போர்ட், விசா நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பையை முழுசாக அடுக்கிவிடுங்கள். கனமானவை முதுகை ஒட்டி நடுவில், மழைக்கோட்டு மேலே. அதை மாட்டிக்கொண்டு சாயங்கால நெரிசல் நேரத்தில் மெட்ரோவில் ஏறுங்கள். பெண்களுக்கான முதல் பெட்டியிலேயே ஏறலாம். ராஜீவ் சௌக்கில் இறங்கி, எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படிக்கட்டில் ஏறுங்கள். வெளியே வந்து கன்னாட் பிளேஸை ஒரு சுற்று நடங்கள், ஒரு பொதுக் கழிப்பறைக்கும் பையோடு போய்வாருங்கள். வீட்டுக்கு வந்ததும், தோள் வலி மறப்பதற்குள் பையைத் திறந்து, வேண்டாததை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். அத்தையின் ஸ்வெட்டர்தான் முதலில் வெளியே வரும் என்று நினைக்கிறேன். அவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.