சூடு வரும், போகும். மாத்திரையை நிறுத்த வேண்டாம்



இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. சிகிச்சை பெற்று நலமடைந்த பெண்கள் பலர் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு தொல்லை உண்டு.

அந்தப் பெண் அடுப்படியில் நிற்பாள். திடீரென்று நெஞ்சில் குப்பென்று சூடு கிளம்பும். கழுத்து, முகம் எல்லாம் பரவும். வியர்த்துக் கொட்டும். படபடப்பு வரும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். இரவில் வந்தால் தூக்கம் கெடும். "நோய் திரும்பிவிட்டதோ?" என்று பயப்படுவாள். வெளியே சொல்ல வெட்கப்படுவாள்.

இந்தச் சூடு நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்புநீர் உண்டு. மாதவிலக்கு நிற்கும் வயதில் அது குறையும். புற்றுநோய் மருந்துகளால் இளம் வயதிலேயே குறையலாம். உடல் சூட்டைச் சமன் செய்யும் இடம் மூளையில் இருக்கிறது. சுரப்புநீர் குறைந்தால் அது தடுமாறும். சிறிய சூட்டையும் பெரிதாக எண்ணி, வியர்க்க வைக்கும்.

சில மார்பகப் புற்றுநோய்கள் இந்தச் சுரப்புநீரால் வளரும். அதைத் தடுக்கத் தமாக்சிஃபென் மாத்திரை தருவார்கள். பொதுவாக 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு. இந்த மாத்திரையாலும் சூடு வரும். "மாத்திரைதான் காரணம், நிறுத்திவிடு" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். நிறுத்தினால் சூடு குறையலாம். ஆனால் நோய் திரும்பும் ஆபத்து கூடும்.

சூட்டைக் குறைக்க வழி உண்டு. மெல்லிய பருத்திச் சேலை உடுத்தலாம். பக்கத்தில் பானைத் தண்ணீரும் விசிறியும் வைக்கலாம். சூடு கிளம்பும்போது உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடலாம். காரம், சூடான டீ, புகையிலை ஆகியவை சிலருக்குச் சூட்டைக் கிளப்பும்.

எது கிளப்புகிறது என்று எப்படி அறிவது? எழுதக் கற்ற கைக்கு இது நல்ல வேலை. ஒரு நோட்டில் தேதி, நேரம், சாப்பிட்டது ஆகியவற்றை எழுதலாம். காரணம் தெரிய வரலாம். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டலாம்.

சூட்டைக் குறைக்க டாக்டர் தரும் மாத்திரைகளும் உண்டு. ஆனால் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. சில மனச்சோர்வு மாத்திரைகள் தமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் ஆகாது. நோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு அதைக் கொடுத்து, 1997-ல் சுவீடனில் ஓர் ஆய்வு தொடங்கியது. பலருக்கு நோய் திரும்பியதால் 2003-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நாட்டு மருந்து சாப்பிடுவதானாலும் டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்.

மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஆனாலும், மாதவிலக்கு நின்ற பின் இரத்தம் பட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களே, அவள் இரவில் ஜன்னலைத் திறந்தால் கோபிக்காதீர்கள். எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். அவள் மாத்திரையை விடாமல் சாப்பிட அதுவும் துணை செய்யும்.