மருந்தின் விலையும் வணிக உடன்படிக்கையும்



கடையநல்லூரில் பீடி சுற்றும் தாய் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால், அவர் உட்கொள்ளும் மாத்திரையின் விலையை நிறுவுவதில் நாடுகள் செய்துகொள்ளும் வணிக உடன்படிக்கைக்கும் பங்குண்டு. அதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை வழங்கவில்லை. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே வழங்கிற்று. ஆகவே வேறு முறையில் அதே மருந்தை நம் தொழிற்சாலைகள் செய்தன, விலை இறங்கிற்று. 1995-இல் உலக வணிக அமைப்பு தோன்றியபின் நிலைமை மாறியது. மருந்துக்கே 20 ஆண்டு உரிமை தரவேண்டும் என்னும் அதன் விதிக்கிணங்க 2005-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் நாடாளுமன்றம் ஒரு வேலியும் இட்டது. முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், பயன்திறனைக் கூட்டாவிடில் கண்டுபிடிப்பு ஆகாது என்னும் 3(டி) பிரிவே அவ்வேலி.

சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி தன் 'கிளிவெக்' மருந்துக்கு உரிமை கேட்டது. மாதச் செலவு அப்போது ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குத் தந்தன. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் எதிர்மனு கொடுத்தது. 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் உரிமை மறுத்தது. அப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டு 6-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றமும் உரிமையை மறுத்தது. ஏழை நோயாளருக்கு மருந்தை இலவசமாகவே வழங்கியதாகக் கம்பெனி சொன்னது. உண்மைதான். ஆனால் தானம் கொடுப்பவன் மனம் பார்த்து வாழும் ஏற்பாட்டை நம் முன்னோர் நன்கறிவர்!

உரிமை வழங்குமுன் எவரும் எதிர்க்கலாம் என்பது நம் சட்டம். 2024 மார்ச்சு 10-இல் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா உடன்படிக்கை செய்தது. 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 இலட்சம் வேலை என்பன அதன் இலக்குகள். மருந்துச் சோதனைத் தகவலுக்குத் தனியுரிமை வேண்டுமென்று அவர்கள் கேட்டதற்கு நம் அரசு இணங்கவில்லை, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஐந்தே நாளில், மார்ச்சு 15-இல் வந்த புதிய விதிகள், அதுவரை கட்டணமின்றி இருந்த எதிர்மனுவுக்குக் கட்டணம் விதித்தன. மனு ஏற்கத்தக்கதா என அதிகாரி முதலில் ஆராய்வதும் விதியாயிற்று. அந்நிய முதலீடு வரட்டும், நம் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். வாசலைக் குறுக்குவதற்கு அது காரணமாகலாகாது.

எதிர்மனு எழுத வேதியியலும் சட்டமும் ஒருங்கே அறிந்தோர் தேவை. வரும் ஆண்டு உதவித்தொகை வழங்குங்கால் இவ்விரு படிப்பையும் கருத்திற் கொள்ளுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.