எத்தனாலில் கார் ஓடுது, கரும்பு விவசாயி பங்கு எங்கே?

(விருத்தாசலம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மேல்கூரையை மடிச்சுக்கிட்டு ஓடுற டர்போ சொகுசு காரை எத்தனாலிலும் ஓடுற மாதிரி செஞ்சு, ஸ்வீடனின் சாப் கம்பெனி 2007-லேயே விற்றது. 2023 ஆகஸ்ட் 29-ல் டெல்லியில் எத்தனாலில் ஓடும் இன்னோவா காரை மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிமுகப்படுத்தினார். இன்று பங்கில் போடும் பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால்.

அதில் நம்ம கரும்பும் இருக்கு. ஒரு டன் கரும்புச் சாற்றில் சுமார் 70 லிட்டர் எடுக்கலாம். 2022-23-ல் மத்திய அரசு வைத்த விலை லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு. ஆக, 4,590 ரூபாய்க்கு மேல் வருது. நமக்கு? சர்க்கரை கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், 2025-26 பருவத்துக்கு டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசுதான். ஆலைச் செலவு போகட்டும். மிச்சத்தில் நம்ம பங்கு எங்கே?

கூடுதல் லாபத்தில் பாதி விவசாயிக்கு என்றிருந்த 5-ஏ பிரிவையும் 2009-ல் எடுத்துட்டாங்க. இந்த ஊரில் பீங்கான் செய்யிறவர் தன் சரக்குக்குத் தானே விலை சொல்றார். கரும்பு போடுற நாம் கையேந்தி நிக்கணுமா?

எத்தனால் வருமானத்தில் பங்கு கொடு!
வெட்டிய கரும்புக்கு 14 நாளில் பணம் கொடு!
தவறினால் சட்டப்படி 15 சதவீத வட்டி கொடு!

ஊர் ஊராகத் திரண்டு வாங்க. சேர்ந்து கேட்போம், வாங்காமல் விடமாட்டோம்!