மனச்சோர்வுக்கும் மருந்தகம் உண்டு



காய்ச்சல் கண்டால் மருந்தகத்திற்குச் செல்கின்றோம். இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தவறாமல் மாத்திரை வாங்குகின்றோம். ஆனால், பால் வெட்டில் கைதேர்ந்த ஒருவர் பல வாரங்களாக உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, பிரட்டுக்கும் வராமல் லயத்திலேயே முடங்கிக் கிடந்தால் அவரைச் சோம்பேறி என்கின்றோம். அன்றேல் காற்றுச் சேட்டை என்று கூறிப் பூசாரியைத் தேடுகின்றோம். கோயிலுக்குச் செல்வதை நாம் குறை கூறவில்லை. கோயிலுக்குச் சென்ற கால்கள் மருந்தகத்திற்கும் செல்லட்டும் என்கின்றோம்.

“தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ?” என்னும் அச்சம் பலரைத் தடுக்கின்றது. 1911இல் அங்குத் தொடங்கிய மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நம்மவர் ஏளனச் சொல்லாக்கிவிட்டனர். இன்று மனச்சோர்வுக்கான முதற் சோதனை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே நடைபெறுகின்றது. கடந்த இரண்டு வாரங்களாக உறக்கம் எப்படி, ஊக்கம் எப்படி என்பன போன்ற 9 கேள்விகள் கேட்கப்படும். இது பள்ளித் தேர்வன்று. தவறான விடை என்று எதுவுமில்லை. தேவையாயின் அங்குள்ள டாக்டரே கடிதம் கொடுத்து மனநல நிபுணரிடம் அனுப்புவார்.

செலவு என்ன? தனியார் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில் மனநோய் விலக்கப்பட்டுள்ளது. கையொப்பமிடுமுன் கேட்டறிந்து கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கிலோ குடிமக்களுக்கு மருந்துடன் கட்டணம் 1 வெள்ளியே.

சொக்சோ வேலை விபத்துக்கு மட்டும் உரியது என்பது நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணம். அதன் இயலாமைத் திட்டம், வேலைக்குத் தொடர்பில்லாத நோயையும் கருத்திற் கொள்கின்றது. 60 வயதுக்கு முன்னர், குணமாகாத நோயால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கும் ஈட்ட இயலாதென மருத்துவக் குழு முடிவு செய்தால், சந்தா நிபந்தனைகளுக்குட்பட்டு மாத ஓய்வூதியம் கிடைக்கும். குழுவினர் மருத்துவப் பதிவுகளையே பார்ப்பர். ஒருநாளும் கிளினிக்குக்குச் செல்லாதவர் எதைக் காட்டுவார்? பல ஆண்டுகள் சந்தா கட்டியும் அவர் குடும்பம் வெறுங்கையுடன் நிற்க நேரிடும்.

மற்றொன்றும் கூற வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்கு அஞ்சி எதையும் மறைக்க வேண்டுவதில்லை. வீட்டில் அத்தகைய பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள். கிளினிக் மூடியிருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவு திறந்திருக்கும். 15555 என்னும் எண்ணில் சுகாதார அமைச்சின் ஆலோசகரிடமும் பேசலாம்.

புறப்படும்போது அடையாளக் கார்டையும், ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.