கூலிக்கு எழுதியது யாருடையது?



ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் பணம் வாங்கினார். வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்த கவிஞரும் பணம் வாங்கினார். படங்களின் பதிப்புரிமை, மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்த வீட்டாருக்கு. பாட்டின் உரிமையோ கவிஞருக்கு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பணம் கொடுத்து வாங்கிய ஒளிப்படம், வண்ண ஓவியம், உருவப்படம், செதுக்கோவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு ஒரு நீதி. எழுத்துக்கு வேறு நீதி. ஒரே பதிப்பகம் ஒரே நாளில் இரண்டு காசோலை எழுதுகிறது: அட்டைக்கு வண்ண ஓவியம் தீட்டியவர் தம் உரிமையை இழக்கிறார், நாவலை மொழிபெயர்த்தவர் இழப்பதில்லை. இதில் என்ன நியாயம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து வந்த மிச்சம் இது. அந்த நாடே 1988இல் இதைக் கைவிட்டுவிட்டது; நாம் வைத்திருக்கிறோம்.

மாதச் சம்பளக்காரர் நிலை வேறு. வேலையின் பகுதியாக அவர் எழுதுவது, வரைவது எல்லாம், வேறு உடன்பாடு இல்லையென்றால், முதலாளிக்கே போகும். தனியே கையெழுத்து வேண்டியதில்லை. வெளியாள் எழுதியதை உரிமையோடு வாங்க வேண்டுமானால் எழுத்து வடிவில், அவர் கையொப்பத்துடன் ஒப்படைப்புப் பத்திரம் வேண்டும். ஆக, காகிதத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால் ஊழியர் விஷயத்தில் அது முதலாளிக்குச் சாதகம். வெளியாள் விஷயத்தில் எழுத்தாளருக்குச் சாதகம்.

அப்படியானால் யார் ஊழியர்? நியமன உத்தரவு இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனாலேயே வெளியாள் என்று சொல்லிவிட முடியுமா? 1973இல் ஒரு தையல் கடை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தையல்காரர்களுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. ஆனால் இயந்திரம் கடையுடையது. தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் கடைக்காரரிடம். அவர்கள் ஊழியர்களே என்றது நீதிமன்றம். அது தொழிலாளர் சட்ட வழக்குதான். இருந்தாலும் அலுவலகக் கணினியில் உட்கார்ந்து, சொன்னபடி திருத்தித் திருத்தி எழுதித் தரும் பகுதிநேர எழுத்தாளர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிப்பது நல்லது.

ஊழியராக இருந்தாலும் எல்லாமே போய்விடுவதில்லை. கேரளத்தில் 'போபனும் மோளியும்' என்ற கேலிச்சித்திரத் தொடரை வரைந்த கார்ட்டூனிஸ்ட் டாம்ஸ், மலையாள மனோரமாவை விட்டு வெளியேறி வேறு வார இதழில் அதே பிள்ளைகளை வரையத் தொடங்கியபோது வழக்கு வந்தது. வேலையில் சேருமுன்பே அவர் படைத்த பாத்திரங்கள் அவை. வேலையை விட்டபின் அவர் வரைவதில் பழைய முதலாளிக்கு உரிமை இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

பத்திரிகைக்காரர்களுக்குச் சட்டமே ஒரு சலுகை தந்திருக்கிறது. உதவி ஆசிரியர் தம் பத்திரிகைக்கென்று தொடர்கதை எழுதினால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்கு. நூலாக்கும் உரிமை, படமாக்கும் உரிமை எழுதியவருக்கு. இது தெரியாமல், தொகுப்பு போட அனுமதி கேட்டுப் பழைய அலுவலகத்துப் படியேறியவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு சலுகை எனக்கு: பொதுமேடைப் பேச்சின் உரிமை பேசியவருக்கே, ஏற்பாடு செய்தவர் அவருடைய முதலாளியாகவே இருந்தாலும். இந்தப் பேச்சைச் சிறுநூலாக அச்சிடும் நண்பர்கள் கவனிக்க!

இனி ஒப்படைப்புப் பத்திரம். எவ்வளவு காலத்துக்கு என்று அதில் குறிக்கவில்லையா? 19ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு என்றுதான் கொள்ள வேண்டும். எந்த நிலப்பரப்புக்கு என்று இல்லையா? இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு நிபந்தனை இல்லாதபட்சத்தில், அது காலாவதியாகும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: கையெழுத்திடும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலன்றி, ஒப்படைப்பு செல்லாது. ஒலிநூலும் மின்னூலும் இன்று புழக்கத்தில் உள்ளவை. அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. "அனைத்து உரிமைகளும்" என்ற ஒற்றை வரியில் அவையும் சேர்ந்து போய்விடும். அந்த வரியை அடித்துவிட்டு, அச்சு நூல் உரிமை, இத்தனை ஆண்டு, இந்த நாடு என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பதிப்பாளர் மறுக்கமாட்டார்.