கேத்ரி மலைச் செம்பு



சிங்கப்பூரில் டோபி காட் என்றோர் இடம் உண்டு. முன்னாளில் இந்தியச் சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி வெளுத்த துறை அது. 1987 முதல் அங்கே ரயில் நிலையம் இருக்கிறது. வெளுத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தொழிலின் பெயர் மட்டும் இடத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த ரயிலை ஓட்டும் மின்சாரத்துக்குச் செம்பு வேண்டும். நாம் தண்ணீர் மொள்ளும் பாத்திரமும் செம்புதான். இன்று எவர்சில்வரில் செய்தாலும் பெயர் மாறவில்லை! இந்தச் செம்பை மலையிலிருந்து பெயர்த்தவர் யார்?

இராஜஸ்தானத்தில் ஆரவல்லி மலைத்தொடரில் கேத்ரி என்னும் ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கணேஷ்வர் என்ற இடத்தை 1977 முதல் அகழ்ந்தார்கள். அம்புமுனை, ஈட்டிமுனை, வளையல், தூண்டில்முள் என்று சுமார் 1,000 செம்புப் பொருள்கள் கிடைத்தன. அவை 4,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. சிந்துவெளி நகரங்களுக்கும் இம்மலைச் செம்பு போயிருக்கும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பிற்காலத்தில் அக்பர் காலத்து ஆயினி அக்பரி நூலும் அருகிலுள்ள சிங்கானாச் சுரங்கத்தைக் குறிப்பிடுகிறது.

வேலை எப்படி நடந்தது தெரியுமா? பழங்காலச் சுரங்கங்களில் பாறைமேல் விறகடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை வெடிக்கும். பிறகு உளியும் சுத்தியும். கேத்ரிப் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டிலும் தாதுவை இடித்து, சாணத்தோடு பிசைந்து, வறுத்து, கரியோடு மண் உலையிலிட்டுத் துருத்தி ஊதினார்கள். செம்பு உருக 1,083 பாகை வெப்பம் வேண்டும். வறுக்கும்போது கிளம்பும் கந்தகப் புகை தொண்டையை அடைக்கும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் விட்டுச் சென்றவை சிட்டக் குவியல்கள், பெயர்கள் அல்ல.

1967-இல் ஹிந்துஸ்தான் காப்பர் என்ற அரசு நிறுவனம் தோன்றியது. கேத்ரியில் பெரிய உருக்காலையும் எழுந்தது. 2008-இல் அதை மூடினார்கள். சுரங்கவேலை தொடர்ந்தது. இன்றும் 100 டன் பாறையை உடைத்தால் ஏறத்தாழ 1 டன் செம்புதான் மிஞ்சும்.

ஆழம் கூடியதே தவிர ஆபத்து நீங்கவில்லை. 2024 மே 14 அன்று அங்குள்ள கோலிஹான் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றியிறக்கும் மின்தூக்கி அறுந்து, 15 பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். இரவெல்லாம் குடும்பத்தினர் காத்திருந்தனர். மறுநாள் 14 பேரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள்.